மூன்றாம் வீட்டுச் சுவர்

என் மேசையின் மேல் ஒரு குடிசை இருக்கிறது. மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். பனை நாரை நகத்தால் கிழித்து வேய்ந்த கூரை, கூரை மேல் ஒரு பூசணிக் கொடி, வாசலோரம் மிளகளவில் ஒரு மண்பானை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கையில் எடுக்காமல் போவதில்லை. எடுத்தவர்கள் எல்லோரும் முன்சுவரைத்தான் முதலில் புகழ்வார்கள். மண்சுவரைச் சாணம் போட்டு மெழுகும்போது விரல்கள் இழுத்துக்கொண்டு போகும் அரைவட்டங்கள் அதில் அத்தனை துல்லியமாக விழுந்திருக்கின்றன. "யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். "பெயிண்டர்" என்று சொல்லிவிடுவேன். அது பாதிப் பொய். குடிசை அவர் செய்தது, முன்சுவர் மட்டும் நான் செய்தது. அந்தச் சுவரில் முன்பு ஒரு பெண்ணின் கைத்தடம் இருந்தது. ஏழு வயது மகளுக்கு அவளுடைய அம்மாவைக் காட்டுவதற்காகப் பெயிண்டர் அதைக் கீறி வைத்திருந்தார். நான் அதைத் தப்பு என்று நினைத்து, அவருக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், அழித்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தின் கண்காட்சிப் பிரிவில் டிராப்ட்ஸ்மேன் வேலை. புது ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 'கனம் மந்திரி' போய் 'மாண்புமிகு அமைச்சர்' வந்திருந்தார். ஊர் ஊராகப் பொருட்காட்சி நடத்தி, அரசாங்கம் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று மாதிரி செய்து காட்டுவார்கள். மதகு, நீரேற்று நிலையம், பள்ளிக்கூடம், பாலம் எல்லாவற்றையும் மேசையளவுக்குச் சுருக்குவது எங்கள் பிரிவின் வேலை. அளவு போட்டு வெட்டிக் கொடுப்பது நான், வண்ணம் பூசுவது பெயிண்டர். அவருக்கும் என் வயதுதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர், தினக்கூலியாக எங்களிடம் வந்து சேர்ந்தார். மேலதிகாரி முதல் டீ கொண்டு வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பெயிண்டர்தான், எனக்கும் அப்படித்தான். அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டதும் நான் அவரைப் 'பெயிண்டர்' என்று கூப்பிட்டதும் சமமான இரண்டு மரியாதைகள் என்று அன்றைக்கு நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கோணல் பொறுக்காத ஆள். கல்யாணப் பந்தியில் இலை கொஞ்சம் சாய்வாகக் கிடந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. வரைபடத்தில் ஒரு கோடு மற்ற கோடுகளோடு சேராமல் நின்றால் கை தானாக ரப்பரைத் தேடும். இந்தக் குணத்துக்காக அலுவலகத்தில் என்னைக் கேலி செய்தவர்களே, இந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு நல்ல பெயரும் கொடுத்தார்கள். நானும் அதில் உச்சி குளிர்ந்து போயிருந்தேன்.

பெயிண்டர் வருவதற்கு முன்பு எங்கள் மாதிரிகள் கொலு பொம்மை மாதிரி பளபளத்துக்கொண்டிருக்கும். செங்கல் சுவர் என்றால் சிவப்பு, ஓடு என்றால் இன்னும் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான் எங்கள் கலை. அவர் வந்த முதல் வாரத்தில், பிரஷ் கழுவின தண்ணீரை நான் ஜன்னல் வழியாக வீசப் போனபோது, "அதக் கீழ ஊத்தாதீங்க சார், அதுலதான் விஷயம் இருக்கு" என்று வாங்கிக்கொண்டார். பிறகு அவர் செய்ததை வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். கருப்பையும் காவியையும் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தார். சாயமா, வெறும் தண்ணீரா என்று சந்தேகம் வருமளவுக்குத்தான் நிறம். அதில் பூந்திக்கொட்டை ஊறின தண்ணீர் இரண்டு சொட்டு. அது சேராவிட்டால், காய்ந்த எண்ணெய்ப் பெயிண்ட் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றுவிடுமாம். பட்டைப் பிரஷ்ஷால் அதை எடுத்து மாதிரி முழுவதும் ஓடவிட்டார். பத்து நாள் வேலை சாக்கடையில் விழுந்து எழுந்தது போல் ஆகிவிட்டது. அவர் பதறவில்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரம் காத்திருந்து, பழைய வேட்டித் துணியால் மேலாக ஒற்றி எடுத்தார். மேட்டில் இருந்த சாயம் துணியோடு வந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினது அங்கேயே தங்கிவிட்டது. செங்கலுக்கு நடுவே காரை தெரிந்தது, கதவில் பலகைகள் தனித்தனியாகப் பிரிந்தன, ஊசியால் கீறிவிட்டு நானே மறந்துபோயிருந்த ஒரு தாழ்ப்பாள் எழுந்து வந்தது. நாங்கள் அதற்கு 'அழுக்குத் தண்ணி' என்று பெயர் வைத்தோம். "இது புதுசா எதையும் போடாது சார். இருக்கறதக் காட்டிக் குடுக்கும், அவ்ளோதான்" என்பார்.

அந்த வருஷம் தஞ்சாவூரில் நடந்த பொருட்காட்சிக்கு 'அன்றும் இன்றும்' என்று ஒரு மாதிரி கேட்டார்கள். ஒரு பலகையில் விவசாயக் கூலிகள் அன்று இருந்த குடிசைத் தெரு, இன்னொரு பலகையில் அரசாங்கம் இன்று கட்டிக் கொடுக்கும் காலனி. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்று அளவு வைத்துக்கொண்டோம். வேலையைப் பிரிக்கும்போது பெயிண்டர் முந்திக்கொண்டார். "அன்று நான் பண்றேன் சார், இன்று நீங்க பண்ணுங்க." எனக்கும் அது வசதிதான். ஒரே அச்சில் வார்த்த இருபது வீடு, ஸ்கேல் வைத்து நேர்த்தெரு. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அவர் தன்னுடைய தெருவைச் செய்தார். மாயவரம் பக்கத்தில், வாய்க்கால் கரையோரம், பதினான்கு வீடு கொண்ட தெரு. எந்த வீட்டின் கூரை எந்தப் பக்கம் சரிந்திருக்கும், எந்த வாசலில் முருங்கை நிற்கும், எங்கே ஆட்டைக் கட்டுவார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை செய்துகொண்டே துண்டு துண்டாகச் சொல்வார். களத்தில் கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டு, அவர்கள் தெரு ஒரு குறுவை அறுப்புக்குப் போகாமல் நின்றிருக்கிறது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்து முடித்தார். பிறகு, மனை என்னுடையது, காலி பண்ணுங்கள் என்றார். ஒரே பகலில் பதினான்கு வீட்டையும் பிரித்துப் போட்டார்கள். எல்லோரும் ஆற்றங்கரையில் கீற்றைச் சாய்த்துக்கொண்டு ஒண்டினார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெயிண்டரின் மனைவிக்கு ஜுரம் கண்டு ஒன்பதாம் நாள் உயிர் போயிற்று. மகளுக்கு அப்போது இரண்டு வயது. தெரு இருந்த மேட்டைச் சரித்து, உழுது, தாளடி நட்டுவிட்டார்கள். மனைவியைப் புதைத்துவிட்டு அந்தப் பக்கமாக வந்தபோது தங்கள் வாசல் இருந்த இடத்தில் நாற்று வேர்பிடித்திருந்தது என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, கூரைக்கு நார் கிழிப்பதைத் தொடர்ந்தார். அந்த அம்மாளுக்குப் போட்டோ எதுவும் கிடையாது. மகள் பெயிண்டருடைய அக்கா வீட்டில் வளர்ந்தாள். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தில் ஒரு நெளிவும் இருந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. எங்கள் வீட்டு வேலைக்கும் அப்படி ஒரு தெருவிலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். சின்ன வயதில் வரப்பில் நின்று அந்தத் தெருவைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். அதன் சுவர்களை ஒருநாளும் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. எங்கள் கொல்லைப்புறத்தை மெழுக வந்த பெண்களின் முதுகைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. இதை இன்று எழுதும்போது தெரிகிறது. அன்றைக்கு இது ஒரு குறை என்றுகூடத் தோன்றவில்லை.

சுவர்களை அவர் செய்த விதம் அபாரமானது. மெல்லிய பலகை மேல் பாரிஸ் சாந்து பூசி, அது முழுக்க இறுகுவதற்கு முன்பு, ஊசியால் விரல் தடங்களைக் கீறினார். நான்கு விரல் சேர்ந்து இழுக்கும் அரைவட்டம், அதன் பக்கத்தில் இன்னொன்று, அடுத்து இன்னொன்று. பார்வையாளர் பக்கம் தெரிகிற முன்சுவர்களில் மட்டும்தான் இந்த வேலை. ஒரு வீட்டில் தடம் அகலமாக, அடுத்த வீட்டில் நெருக்கமாக இருந்தது. "அது கெழவி வீடு சார், கை எட்டாது" என்று ஒன்றைக் காட்டிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் ஊசியை இடக்கையில் பிடித்துக்கொண்டு கீறிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கோடு போட்டு, நிறுத்தி, கண்ணை மூடி, மறுபடி ஒரு கோடு. "என்ன பெயிண்டர், வலக்கைக்கு லீவு விட்டாச்சா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டது போல் சிரித்தார். "சும்மாதான் சார். இந்த வீட்டுக்கு இந்தக் கைதான் சரியா வருது." நான் அதையும் ஒரு வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

அடிப்பூச்சு காய்ந்த பிறகு தெரு மொத்தமும் ஒரே மண்நிறமாக இருந்தது. கீறல்கள் ஒன்றும் தெரியவில்லை. அழுக்குத் தண்ணி விட்ட அன்றைக்கு அதிகாரியும் வந்து நின்றார். தண்ணீர் ஓடி, வடிந்து, துணியால் ஒற்றினதும், தெரு எங்கள் கண்முன்னால் எழுந்தது. பதினான்கு சுவரிலும் பதினான்கு பேர் மெழுகிவிட்டு இப்போதுதான் கை கழுவப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. அதிகாரி குனிந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பிறகு, "என்னய்யா இது, அன்று இவ்வளவு அழகா இருந்தா அப்பறம் இன்று எதுக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெயிண்டர் சிரிக்கவில்லை. "இருந்ததத்தான் சார் வச்சிருக்கேன்" என்றார். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே போனார். போகும்போது என்னிடம், அமைச்சர் வரும்போது யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது, ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொருட்காட்சி திறப்பதற்கு முன்பு பெயிண்டர் இரண்டு நாள் லீவு கேட்டார். மகளை அழைத்து வர வேண்டும், அவளுக்குத் தெருவைக் காட்ட வேண்டும் என்றார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் போன பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். மூன்றாவது வீட்டில் கண் நின்றது. மற்ற பதின்மூன்று சுவரிலும் அரைவட்டங்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. இந்த ஒன்றில் மட்டும் இடப்பக்கம். கோடுகளும் கொஞ்சம் நடுங்கினாற்போல் இருந்தன. விளையாட்டாக இடக்கையால் கீறியது இப்படி ஆகிவிட்டது, பாவம், கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அமைச்சர் கண்ணில் படாவிட்டாலும் அதிகாரி கண்ணில் படும், தினக்கூலி ஆளின் வேலைக்கே உலை வைத்துவிடுவார் என்றும் நினைத்தேன். என் நினைப்பில் கெட்டது எதுவும் இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத விஷயம். கீறல்களில் பட்டி வைத்து அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். அதன் மேல் மெல்லிசாகச் சாந்து பூசி, ஊசியை எடுத்து, மற்ற வீடுகளைப் பார்த்துப் பார்த்து, வலப்பக்கம் சாய்ந்த அரைவட்டங்களைக் கீறினேன். அடிப்பூச்சு, பிறகு அழுக்குத் தண்ணி. ஒன்றரை நாள் வேலை. முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். பதினான்கும் ஒரே சீராக இருந்தன. ஒட்டுப்போட்ட இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

திறப்பு நாளன்று காலையிலேயே அவர் வந்துவிட்டார். மாயவரம் பாசஞ்சரில் வந்திருந்தார்கள். மகளுக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கனகாம்பரம் வைத்து, புதுப் பாவாடை கட்டியிருந்தார். சின்னப் பெண். இடது கையின் விரல் கணுக்கள் கன்றிச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். எங்கேயோ கதவிடுக்கில் விரலைக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். கருப்பும் சிவப்புமாகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஆட்களைத் தாண்டி இரண்டு பேரும் எங்கள் ஸ்டாலுக்கு வந்தார்கள். மாதிரியின் மேல் கண்ணாடி போட்டுப் பூட்டியாகிவிட்டது. பெயிண்டர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்தா, மூணாவது வீடு, செவுத்தப் பாரு" என்று காட்டின விரல் அப்படியே நின்றது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் போனேன். "மூணாவது வீட்ல கோடு மாறிப் போயிருந்துச்சு பெயிண்டர். நான் சரி பண்ணிட்டேன். கண்டுபிடிக்க முடியுதா பாருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அப்படிங்களா சார்" என்றார். மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "நல்லா இருக்கு சார்" என்றார். அந்தப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அம்மா கை எங்கப்பா?" என்று கேட்டாள். அவள் மறுபடியும் கேட்டாள். "தெரியலயா ஒனக்கு? இருக்கு பாரு, நல்லாப் பாரு" என்றார். அவள் நல்லாப் பார்த்தாள். வெளியே அமைச்சரின் கார் வந்துவிட்டதென்று சத்தம் கேட்டது. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர்கள் இல்லை.

பொருட்காட்சி முடிந்து சாமான்களைக் கட்டும்போதுதான் கேட்டேன். அன்றைக்கு உங்கள் பெண் ஏதோ கேட்டாளே, என்ன அது என்று. வைக்கோலைப் பிரித்துப் பெட்டியில் பரப்பிக்கொண்டே சொன்னார். அவர் மனைவி நொட்டாங்கைக்காரி, எல்லாம் இடக்கைதான். நடவு வரிசையில் பக்கத்து ஆளின் கையோடு கை இடிக்கும் என்று அவரை எப்போதும் ஓரத்தில்தான் விடுவார்களாம். அறுப்பரிவாளுக்குக் கொல்லரிடம் சொல்லித் தனியாக எதிர்ப்பக்கம் பல் வெட்டி வாங்க வேண்டுமாம். அந்த அம்மாள் மெழுகினால் சுவரில் தடம் இடப்பக்கம் விழும். தெருவில் யார் வந்தாலும் அந்தச் சுவரைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மகளுக்கும் அதே கை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையால் எழுதினால் ஸ்கேலால் கணுவில் அடிக்கிறார்கள், வீட்டில் அத்தை அந்தக் கையைத் துணியால் கட்டிவிட்டுச் சோறு போடுகிறார். "ஒங்கம்மாவுக்கும் இதே கைதான்னு சொல்லிருந்தேன் சார். நெசமான்னு கேட்டுச்சு. காட்டுறேன்னேன்."

"ஏன் பெயிண்டர் அன்னைக்கே சொல்லல? அந்தக் கொழந்தகிட்டயாவது, இந்த ஆள்தான் அழிச்சான்னு சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர் மேல் கோபப்படுவது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது. "நீங்க நல்லதுக்குத்தான சார் செஞ்சீங்க" என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் தினக்கூலி, நான் உத்தியோகஸ்தன். அது மட்டும் காரணமில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களுக்கும் தெரிந்திருக்கும். நான் பெட்டியைத் திறந்து, மூன்றாவது வீட்டை அவர் பக்கம் திருப்பி, ஊசியைக் கொடுத்தேன். "மறுபடி கீறுங்க. எத்தன நாள் வேணாலும் எடுத்துக்கங்க" என்றேன். இடக்கையில் ஊசியை வாங்கினார். கண்ணை மூடினார். சுவருக்கு மேலே கை ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஊசியைப் பலகை மேல் வைத்துவிட்டார். "வரல சார். மொதத் தடவ அது கை வந்துச்சு. இப்ப என் கைதான் இருக்கு." அந்த வருஷக் கடைசியில் அவர் வேலையை விட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார்.

மாதிரி திருவாரூர், மன்னார்குடி என்று சுற்றிவிட்டுக் கிடங்குக்கு வந்தது. ஒழுகுகிற கிடங்கு. இரண்டு மழைக்காலத்தில் 'இன்று' பலகை ஊதிப் பிளந்தது, 'அன்று' பலகையில் கரையான் ஏறியது. கழித்துக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது, பேனாக்கத்தியால் மூன்றாவது வீட்டை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டேன். என் பூச்சைச் சுரண்டினால் அடியில் அவர் கோடுகள் இருக்குமோ என்று ஒரு மூலையில் முயன்று பார்த்தேன். பட்டி, சாந்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

பெயிண்டர் இறந்துபோன செய்தி, நான் ஓய்வுபெற்ற பிறகு, பழைய டீக்காரர் மூலமாக வந்தது. காரியம் முடிந்திருந்தது. குடிசையை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலனி வீடு, முன்னால் தகரம் இறக்கியிருந்தது. மகள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொல்லி, காபி கொண்டுவந்து கொடுத்தாள். வலக்கையால் கொடுத்தாள். அவசரமாக யாருக்கோ மருந்துப் பெயர் எழுத வேண்டியிருந்தது. அதையும் வலக்கையால்தான் எழுதினாள். நான் பெட்டியைத் திறந்தேன். அவள் குடிசையை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"இத எனக்குக் காட்டுறதுக்குத்தான் அப்பா தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். "அம்மா கை இருக்கு, பாருன்னாங்க. நான் பாத்தேன், ஒண்ணும் இல்ல. எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அப்பா சும்மா சொல்லிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நான் அழுவுறத நிறுத்துறதுக்கு." பிறகு, "அதுவரைக்கும் எத்தன அடிச்சாலும் நான் கைய மாத்திக்கல சார். அம்மா கைன்னு அப்பா சொன்னாங்களேன்னு பிடிவாதமா இருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒடனே மாத்திக்கிட்டேன்" என்றாள்.

நான் சொன்னேன். பட்டி வைத்தது, தேய்த்தது, மறுபடி கீறினது, எதையும் விடாமல் சொன்னேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அப்பா சொன்னது நெசமா?" என்று கேட்டாள். நெசம்தான் என்றேன். "பெரியவளானப்பறம் ஒரு தடவ சண்டையில, நீங்க எனக்குப் பொய் சொன்னீங்கன்னு கேட்டுட்டேன் சார். அப்பவும் அவரு ஒண்ணும் சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குடிசையை இடக்கையில் எடுத்தாள். அந்தக் கைக்கு அது பழக்கமில்லை. நழுவப் போனதை வலக்கையால் பிடித்து, மெல்லப் பெட்டியில் வைத்து மூடினாள். "நீங்களே வச்சுக்கங்க சார். இங்க இருந்தா தெனம் அவருகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். கேக்க அவரு இல்ல." என்னை அவள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அப்பாவிடம் அதையும் கற்றிருந்தாள்.

அதனால் குடிசை என் மேசை மேல் இருக்கிறது. தூசி படிந்து சுவர் மங்கும்போது, வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு டம்ளர் தண்ணீரில் கருப்பும் காவியும் சிட்டிகை போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் கரைக்கிறேன். பிரஷ்ஷை நனைத்துச் சுவரில் ஓடவிடுகிறேன். ஒரு பீடி பிடிக்கிற நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையாவது, என்று மனசு கேட்கிறது. வெட்கமில்லாத மனசு. பிறகு வேட்டித் துணியால் மேலாக ஒற்றி எடுக்கிறேன். அழுக்குத் தண்ணி, அவர் சொன்ன மாதிரியே, இருக்கிறதைக் காட்டிக் கொடுக்கிறது. நான் கீறின கோடுகள், ஒன்று விடாமல், எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, போன வருஷத்தைவிடத் தெளிவாகத் தெரிகின்றன.